தட்டணுக்கள் எங்கே போயின?

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, ஹாஸ்டல் நினைவுகள் ஏதாவது எழுதுவான் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். மெஸ் சாம்பாரைப் பற்றியும் வொர்க்‌ஷாப்பில் உளியை உடைத்ததைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது ஒரு மருத்துவ சரித்திரம். மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் பேட்ச் நண்பர்களில் பாதிப் பேர் ஒருநாள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் தேடி அலைந்த ஒரு பொருளின் கதை இது.

2017 அக்டோபர், தீபாவளிக்கு முந்தின வாரம். தமிழ்நாடு முழுக்க டெங்கு. நான் அப்போது மதுரையில் இருந்தேன். என் பழைய ரூம்மேட்டும் அங்கேதான். இரவு எட்டரை மணிக்கு அவன் போன் செய்தான். "டேய், பையனுக்கு பிளேட்லெட் ஆறாயிரம்தான் இருக்காம். உடனே கிளம்பி வா." பையனுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு வாரம் முன்னால் சாதாரண சளி, காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. அன்று காலை குளிப்பாட்டும்போது காலெல்லாம் கொசு கடித்தது போல சிவப்புப் புள்ளிகள். சாயந்திரம் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம்.

நான் செய்த முதல் காரியம் நம் பேட்ச் குழுவுக்குச் செய்தி அனுப்பியது. 'டெங்கு. ஓ பாசிட்டிவ் பிளேட்லெட் அவசரம்.' டெங்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். பத்தரை மணிக்குள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் விருதுநகரிலிருந்து பைக்கில் வந்தான். எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க தம்பி. இது டெங்கு இல்ல. பிளேட்லெட் ஊத்தினாலும் சில மணி நேரம்கூட தங்காது. இப்போதைக்கு அது வேணாம்."

ஆறாயிரம் இருக்கிறது, ஒன்றரை லட்சம் இருக்கவேண்டும், ஆனால் ஊற்ற வேண்டாம் என்கிறார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது எவ்வளவு பெரிய சரித்திரத்தின் சுருக்கம் என்பது பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைக்ரான் அளவு. ஆயுள் எட்டிலிருந்து பத்து நாள். எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் பத்தாயிரம் கோடி தட்டணுக்களைத் தயாரித்து அனுப்புகிறது. மொத்தக் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். நம் பாஷையில் சொன்னால் இது ஒரு ஓவர்ஹெட் டேங்க். மோட்டார் ஏற்றுகிறது, கீழே குழாய் வழியாகப் போகிறது, மட்டம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. மட்டம் இறங்கினால் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: மோட்டார் ஓடவில்லையா, டேங்கில் ஓட்டையா? அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வைத்திய உலகத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நோயை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் பால் வெர்ல்ஹோஃப் என்ற ஜெர்மன் வைத்தியர். ஹானோவரில் இருந்தார், இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜின் வைத்தியரும்கூட. 1735-ல் ஓர் இளம்பெண்ணுக்குத் திடீரென்று மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, உடம்பெல்லாம் கறுநீலத் திட்டுகள் தோன்றி, பிறகு அவள் முழுக்கக் குணமானதை அவர் பதிவு செய்தார். வெகுநாள் வரை அந்த நோய்க்கு வெர்ல்ஹோஃப் நோய் என்றே பெயர். பாவம், தட்டணு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அது தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. ரத்தத்தில் மிதக்கும் அந்தத் துகள்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பலரும் ஏதோ உடைந்த செல்களின் குப்பை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1882-ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஜூலியோ பிட்சோசெரோ, உயிருள்ள முயல், கினிப் பன்றி ஆகியவற்றின் மெல்லிய ரத்தக் குழாய்களுக்குள்ளேயே அவற்றைப் பார்த்தார். குழாயில் காயம் பட்ட இடத்துக்கு அவை ஓடிவந்து ஒட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடைப்பதைக் கண்டார். பஞ்சர் ஒட்டும் ஆள் இவர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 1880-களிலேயே, உடம்பில் கறுநீலத் திட்டு வரும் நோயாளிகளுக்கு இந்தத் தட்டணு குறைவாக இருப்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். 1906-ல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட், மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல்களிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து வருபவைதான் தட்டணுக்கள் என்று காட்டினார்.

மோட்டார் தெரிந்தாயிற்று, டேங்க்கும் தெரிந்தாயிற்று. இனி சண்டைதான்.

1915-ல் எரிக் ஃப்ராங்க் என்ற ஜெர்மன் மருத்துவர், இது மோட்டார் கோளாறு என்றார். மண்ணீரலிலிருந்து ஏதோ ஒரு பொருள் வந்து மஜ்ஜையை முடக்கிவிடுகிறது என்பது அவர் கட்சி. மறு வருஷமே பிராக் நகரத்தில் பால் காஸ்னெல்சன் என்பவர் இல்லை என்றார். அப்போது அவர் வெறும் மருத்துவ மாணவர். மஜ்ஜை ஒழுங்காகத்தான் தயாரிக்கிறது, மண்ணீரல்தான் தின்றுவிடுகிறது, ஆகவே மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தன் பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். ஒரு மாணவன் சொல்வதைக் கேட்டு ஓர் உறுப்பையே எடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நம் வைவாவில் ஒரு ஃபார்முலாவை மாற்றிச் சொன்னாலே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஷ்லோஃபர் என்ற அறுவை நிபுணர் ஒரு பெண்ணுக்கு மண்ணீரலை அகற்றினார். தட்டணுக்கள் சரசரவென்று ஏறிவிட்டன. அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு மண்ணீரலை எடுப்பதே இந்த நோய்க்குப் பெரிய வைத்தியமாக இருந்தது.

ஆனாலும் வழக்கு முடியவில்லை. மண்ணீரலை எடுத்துத் தட்டணு ஏறினால் இரண்டு கட்சிக்காரர்களுமே அதைத் தமக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொள்ளலாம். மஜ்ஜையை முடக்கிய பொருள் போய்விட்டது என்று ஃப்ராங்க் சொல்வார், தின்கிற வாய் போய்விட்டது என்று காஸ்னெல்சன் சொல்வார். சிலருக்கு மண்ணீரலை எடுத்தும் ஏறவில்லை. தீர்ப்பு வர 1950 ஆயிற்று. வந்த விதமும் விபரீதமானது.

வில்லியம் ஹாரிங்டன் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பார்ன்ஸ் மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர். மாணவராக இருந்தபோது ஓர் இளம்பெண் இதே நோயில் இறந்துபோனதைப் பார்த்தவர். அவருக்கு ஒரு தடயம் கிடைத்திருந்தது. இந்த நோய் உள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் சிலவற்றுக்கும் தட்டணு குறைவாக இருக்கும், சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். அப்படியென்றால் தாயின் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்று குழந்தைக்குப் போகிறது. அது தீர்ந்ததும் குழந்தை பிழைத்துக்கொள்கிறது. இதை எப்படி நிரூபிப்பது? ஹாரிங்டனும் அவருடைய சகாவான ஹாலிங்ஸ்வொர்த்தும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அடுத்து வரும் நோயாளியின் ரத்தப் பிரிவு யாருக்குப் பொருந்துகிறதோ அவர் அந்த நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வது.

பொருந்தியது ஹாரிங்டனுக்கு. சுமார் 500 மில்லி ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் ஏறக்குறைய காணாமலே போய்விட்டன. வலிப்பும் வந்தது. தோலில் புள்ளிகள் தோன்றின. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடுமோ என்று சுற்றியிருந்தவர்கள் பயந்தார்கள். அந்த நிலையிலும் மார்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். மெகாகேரியோசைட்டுகள் ஜம்மென்று இருந்தன. ஐந்து நாள் கழித்துத் தட்டணுக்கள் தாமாகவே பழைய நிலைக்கு ஏறின. பிறகு கூட வேலை பார்த்தவர்களும் நோயாளிகளின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டார்கள். பெரும்பாலோருக்கு எண்ணிக்கை விழுந்தது. 1951-ல் முடிவுகள் வெளியாயின. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பிளாஸ்மாவில் உள்ள ஏதோ ஒன்று டேங்கை ஓட்டை போடுகிறது. அது ஒரு ஆன்டிபாடி என்று 1960-களில் உறுதியாயிற்று. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு பரிசோதனைக்குச் சம்மதிக்காது. சம்மதிக்கவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அந்த மனுஷனை நினைத்தால் கை தானாகக் கும்பிடுகிறது.

சரி, நம் உடம்பு ஏன் தன் தட்டணுவுக்கே எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது? இங்கேதான் வைரஸ் வருகிறது. தட்டம்மை, சின்னம்மை, ரூபெல்லா, ஏன், வெறும் சளிக் காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று வாரத்தில் குழந்தைகளுக்கு இது வருவதை டாக்டர்கள் வெகுநாளாகவே பார்த்து வந்தார்கள். வைரஸைப் பிடிப்பதற்காகத் தயாரான ஆன்டிபாடிகளில் சில, ஆள் அடையாளம் தவறித் தட்டணுவின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டுப்போட்ட தட்டணுவை மண்ணீரலில் உள்ள விழுங்கும் செல்கள் குப்பை என்று எடுத்து விழுங்கிவிடுகின்றன. வெளியிலிருந்து புதிதாக ஏற்றினாலும் அதே ஆன்டிபாடி அதிலும் ஒட்டும், அதே கதிதான். டாக்டரம்மா சொன்னது இதைத்தான். உயிர் போகிற ரத்தப்போக்கு என்றால் ஏற்றுவார்கள், மற்றபடி அது ஓட்டைப் பானையில் தண்ணீர். இந்த நோயை ஐ.டி.பி. என்கிறார்கள். அதில் முதல் 'ஐ' வெகுகாலம் 'இடியோபதிக்', அதாவது காரணம் தெரியாதது. இப்போது அதே 'ஐ' 'இம்யூன்' ஆகிவிட்டது. எழுத்தை மாற்றாமலே அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள்!

வைத்தியமும் தற்செயலாகத்தான் வந்தது. 1980-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் பால் இம்பாக் என்ற குழந்தை மருத்துவரிடம் ஐ.டி.பி. கடுமையாக இருந்த ஒரு பையன் வந்தான். முன்னே கொடுத்த மருந்துகளால் அவனுடைய எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்ததால், ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினைக் கொடுத்தார். கொடுத்தது ஒன்றுக்கு, பலித்தது வேறொன்றுக்கு. ஒரே நாளில் தட்டணு ஏற ஆரம்பித்துவிட்டது. வேறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து 1981-ல் லான்செட் இதழில் எழுதினார். மண்ணீரலில் உள்ள விழுங்கும் செல்களை வேறு ஆன்டிபாடிகளைக் கொடுத்து 'பிஸி'யாக வைத்துவிட்டால், தட்டணுவைத் தின்ன அவற்றுக்கு நேரம் இருக்காது என்பது இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. நம் பையனுக்கு ஈறில் ரத்தம் கசிந்ததால் இந்த மருந்தைத்தான் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். விலையைக் கேட்டு வாயடைத்துப் போனோம். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுத்தது என்று பிறகு அறிந்தபோது, அந்தச் சின்ன பாட்டிலுக்குள் ஓர் ஊரே இருக்கிறது என்று தோன்றியது.

ஃப்ராங்கை நாம் முழுக்கத் தோற்கடித்துவிட வேண்டாம். மஜ்ஜையைத் தூண்டும் த்ராம்போபொயட்டின் என்ற ஹார்மோனை 1994-ல் கண்டுபிடித்தார்கள். அதைப் போலவே செயற்கையாகச் செய்த ஒரு மருந்தை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு அந்த மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாகி, அது சொந்த ஹார்மோனையும் சேர்த்துத் தாக்கி, தட்டணு ஏறுவதற்குப் பதில் விழுந்துவிட்டது. அந்த முயற்சியை 1998-ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு வேறு வழியில் செய்த ரோமிப்லோஸ்டிம், எல்ட்ராம்போபேக் என்ற இரண்டு மருந்துகள் 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஐ.டி.பி. நாட்பட்டவர்களுக்கு இவை வேலை செய்கின்றன. மோட்டாரை வேகப்படுத்தினால் மட்டம் ஏறுகிறது என்றால், மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்றுதானே அர்த்தம்? தட்டணுவைத் தாக்கும் ஆன்டிபாடி அதன் தாயான மெகாகேரியோசைட்டையும் தாக்குகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆக, தொண்ணூறு சொச்ச வருஷம் கழித்து ஃப்ராங்க் கட்சிக்கும் கொஞ்சம் ஓட்டு விழுந்தது.

இனி டெங்குவுக்கு வருவோம். அன்று ராத்திரி என்னை அலைக்கழித்த பயம் அதுதானே.

டெங்கு பழைய நோய். எலும்பை முறிக்கிற வலியோடு வந்துபோகும் காய்ச்சல் என்ற பெயரோடு இருந்தது, அவ்வளவாக ஆளைக் கொல்லாது. 1943-ல் ஜப்பானின் நாகசாகியில் கிமுராவும் ஹொட்டாவும் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதன் குணம் மாறியதை உலகம் கவனித்தது 1950-களில். 1954-ல் மணிலாவில் குழந்தைகள் ரத்தம் கசிந்து அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்தார்கள், 1958-ல் பாங்காக்கிலும் அதுவே நடந்தது. 1963-64-ல் கல்கத்தாவுக்கு வந்தது. 1996-ல் டெல்லியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து நானூறு பேருக்கும் மேல் கொன்றது. நம் பக்கம் 2012-ல் திருநெல்வேலி பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். ஏன் சிலருக்கு மட்டும் இப்படி முற்றுகிறது என்பதற்கு, பாங்காக்கில் வேலை பார்த்த ஸ்காட் ஹால்ஸ்டெட் ஒரு விளக்கம் தந்தார். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து குணமானவருக்கு வேறொரு வகை வந்தால், முதல் தடவை உண்டான ஆன்டிபாடி வைரஸை அழிக்காமல் செல்லுக்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். இங்கேயும் ஆன்டிபாடியின் ஆள்மாறாட்டம்தான், ஆனால் வேறு விதமாக.

டெங்குவில் தட்டணு குறைவதற்கு இரண்டு பக்கமும் கோளாறு. ஆரம்ப நாட்களில் வைரஸ் மஜ்ஜையை மந்தமாக்குகிறது, பிறகு ரத்தத்திலேயே தட்டணுக்கள் அழிகின்றன. ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அது இல்லை. நுண் ரத்தக் குழாய்களின் சுவர்கள் கசிய ஆரம்பித்து, பிளாஸ்மா வெளியே போய்விடுகிறது. ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுந்து, உறுப்புகளுக்கு ஓட்டம் நின்றுபோகிறது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்த நமக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை: பைப்லைன் முழுக்க கசிவு இருக்கும்போது டேங்கில் பஞ்சர் பசை எத்தனை டப்பா இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா நிம்மனித்யா ஆண்டுக்கணக்கில் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதியவை, 1975-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நெறிகளுக்கு அடிப்படையாயின. அதில் தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே என்பதோடு, பி.சி.வி. 20 சதவீதம் ஏறுவதும் முக்கிய அடையாளம். பி.சி.வி. ஏறுகிறதென்றால் ரத்தம் கெட்டியாகிறது, அதாவது கசிகிறது. லேப் ரிப்போர்ட்டில் நாம் எல்லாரும் பிளேட்லெட் வரியை மட்டும் விரலால் தேடுகிறோம். டாக்டரின் கண் முதலில் பி.சி.வி. வரிக்குப் போகும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் மூச்சு விடும் அந்த ஓரிரு நாள்தான் கசிவு அதிகமாக இருக்கும் நேரம். அளவோடு திரவம் ஏற்றி, மணிக்கு மணி கவனித்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்கவேண்டியதில்லை.

அப்படியானால் தட்டணு இருபதாயிரத்துக்குக் கீழே போனால் ஏற்றுவது வழக்கமாக இருந்ததே, அது? இதைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முறையாகச் சோதித்து 2017-ல் லான்செட்டில் வெளியிட்டார்கள், நாங்கள் மதுரையில் அலைந்த அதே வருஷம். இருபதாயிரமோ அதற்குக் குறைவோ இருந்த, ஆனால் பெரிய ரத்தப்போக்கு இல்லாத பெரியவர்கள் 372 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தட்டணு ஏற்றினார்கள், மறு பாதிக்கு ஏற்றவில்லை. ரத்தக்கசிவைத் தடுப்பதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பக்கவிளைவுகள் மட்டும் ஏற்றியவர்களுக்கு 13, ஏற்றாதவர்களுக்கு 2. பிளாஸ்மா ஏற்கெனவே கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நேரத்தில், பையையும் கொண்டுபோய் ஊற்றினால் சிலருக்கு அது பாரம். நிஜமாகவே பெரிதாக ரத்தம் போகிறவருக்கு ஏற்றத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு பற்றி இங்கே சண்டை போட நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். டெங்குவில் ஏழெட்டாம் நாளுக்கு மேல் தட்டணு தானாகவே ஏறத் தொடங்கும். ஆறாம் நாள் யார் எதைக் கொடுத்தாலும் அவருக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். என் பெரியம்மா எங்கள் தெருவில் இப்படி மூன்று பேரைக் குணப்படுத்தியிருக்கிறார்.

பிளேட்லெட் பையே வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மோட்டாரே நின்றுபோனவர்களுக்கு, முக்கியமாக ரத்தப்புற்றுநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, அதுதான் உயிர். அதற்குப் பின்னால் நம் ஜாதிக்காரர் ஒருவர் இருக்கிறார், எஞ்சினியர் ஜாதியைச் சொல்கிறேன். ஜார்ஜ் ஜட்சன் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர். அவருடைய மகனுக்கு லூக்கீமியா வந்தது. மருத்துவமனையில் ரத்தத்தைப் பிரித்தெடுக்கும் முறையைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக ஒரு யந்திரம் செய்யமுடியும் என்று 1962-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் போய், டாக்டர் எமில் ஃப்ரைரைக்குடன் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, சுழற்றி, வேண்டிய அணுக்களைப் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் திருப்பி அனுப்பும் தொடர் ஓட்ட சென்ட்ரிஃப்யூஜ் அப்படித்தான் பிறந்தது. இன்று ரத்த வங்கியில் ஒரே ஆளிடமிருந்து ஒரு முழுப் பை தட்டணு எடுக்கிறார்களே, அந்த யந்திரத்தின் பாட்டனார் அதுதான். ஃப்ரிட்ஜில் வைத்த தட்டணு உடம்பில் நிலைக்காது, 22 டிகிரியில் வைக்கவேண்டும் என்று 1969-ல் மர்ஃபியும் கார்ட்னரும் காட்டினார்கள். அதனால்தான் பிளேட்லெட் பைகள் ஏ.சி. அறையில் தொட்டிலில் ஆடுவது போல மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும். வழக்கமாக ஐந்து நாள்தான் ஆயுள். நாங்கள் அன்று அவசரப்பட்டு ஒரு பையை எடுக்கவைத்திருந்தால், அதே வாரத்தில் வேறெங்கோ அது தேவைப்பட்ட ஒரு குழந்தைக்கு ஒரு கொடையாளர் குறைந்திருப்பார்.

கடைசியாக ஒரு விசித்திரம். 2021-ல் கோவிட் தடுப்பூசிகளில் அடினோவைரஸை வாகனமாகக் கொண்ட வகையைப் போட்டுக்கொண்டவர்களில் மிக மிகச் சிலருக்குத் தட்டணு குறைந்தது, ஆனால் ரத்தம் கசியவில்லை, மூளை நரம்புகளில் உறைந்தது! ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் கிரைனாகர் குழுவினர் சில வாரங்களில் காரணத்தைப் பிடித்தார்கள். ஓர் ஆன்டிபாடி தட்டணுக்களைத் தூண்டிவிட, அவை உறைகட்டிகளுக்குள் போய்ச் செலவாகிவிடுகின்றன. எண்ணிக்கை குறைவு என்று இவர்களுக்குத் தட்டணு ஊற்றினால் எரிகிற அடுப்பில் விறகு. சாதாரண அடினோவைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் அபூர்வமாக இதே போல வருவதை 2023-ல் எழுதினார்கள். ஐ.டி.பி., டெங்கு, இது. மூன்று பேருடைய ரிப்போர்ட்டிலும் ஒரே இருபதாயிரம் இருக்கலாம். ஒருவருக்கு ஊற்றினால் தங்காது, ஒருவருக்குத் தேவையில்லை, ஒருவருக்கு ஆபத்து.

நம் பையனுக்கு இரண்டாம் நாள் முப்பத்தெட்டாயிரம் ஆனது. நாலாம் நாள் எண்பதாயிரம். ஒரு மாதம் கழித்து இன்னொரு சளி பிடித்தபோது மறுபடி இறங்கியது, பிறகு ஏறியது. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏப்ரலில் எடுத்தபோது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். விருதுநகரிலிருந்து பைக்கில் வந்தவன் அன்று ராத்திரி திரும்பிப் போகவில்லை. என் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு, விடியும்வரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய பெயரும் ரத்தப் பிரிவும், மற்ற நால்வரோடு சேர்ந்து, நம் சங்கத்தின் கொடையாளர் நோட்டில் இருக்கின்றன. இந்த வருஷம் ரெஜிஸ்ட்ரேஷன் மேசையில் அந்த நோட்டை வைத்திருப்போம். பெயருக்கு எதிரே இப்போது இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: 'டாக்டர் கேட்டாரா?'